வைத்துவிட்டுப் போகும் திருடன்

"என் கார் ஷெட்டுக்குள்ள எவனோ திருட்டுத்தனமா வர்றான்," என்றார் வந்தவர்.

"வந்து?" என்றாள் வெர்னா டாலிவர்.

"சாமான் வெச்சுட்டுப் போறான்."

கீழே பௌலிங் கூடத்தில் யாரோ வீசிய பந்து கட்டைகளை மொத்தமாகச் சாய்த்த சத்தம் தரை வழியாக ஏறி வந்தது. வெர்னாவின் துப்பறியும் அலுவலகம் அந்தக் கூடத்துக்கு மேல் மாடியில் இருந்தது. வாடகை குறைவு. அதோடு, கட்சிக்காரர்கள் சொல்லும் நல்ல பொய்களுக்கெல்லாம் கீழேயிருந்து கைதட்டல் கிடைத்துவிடுகிறது என்பது அவளுடைய உதவியாளன் மைலோவின் கருத்து.

"எடுத்துட்டுப் போறானா, வெச்சுட்டுப் போறானா?" என்றான் மைலோ.

"வெச்சுட்டு."

"என் அட்ரஸை அவன் கண்ணுல படற மாதிரி ஒட்டி வைங்க. எனக்கு ஒரு ஃப்ரிட்ஜ் தேவைப்படுது."

வெர்னா அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் இன்னொன்று வரும். ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த வீடுகளின் சாம்பலைக் கிளறியே பாதி வயதைக் கழித்தவள் அவள். எதிரில் இருப்பவர் எவ்வளவு விநோதமாகப் பேசினாலும் முகத்தில் ஒன்றும் காட்டமாட்டாள். மைலோவின் முகத்தில் எல்லாம் தெரியும். அதனால்தான் இருவரும் ஒத்துப்போனார்கள்.

வந்தவர் பெயர் நார்பர்ட் ஜெலின்ஸ்கி. டெட்ராய்ட்டுக்குத் தெற்கே, வயான்டாட்டில் ஆற்றோரத் தெருவில் அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார். மனைவி காலமாகி, வேலையிலிருந்து ஓய்வும் பெற்றவர். வெளியே மார்ச் மாதத்துப் பனி இன்னும் உருகி முடியவில்லை. நார்பர்ட்டின் நெற்றியில் வேர்த்திருந்தது.

"போலீசுக்குப் போனீங்களா?"

"போனேன். என்ன உடைஞ்சுதுன்னு கேட்டாங்க. ஒண்ணும் உடையல. என்ன காணோம்னு கேட்டாங்க. ஒண்ணும் காணாமப் போகல. அப்ப எங்ககிட்ட என்னதான் எதிர்பாக்கறீங்கன்னு கேட்டாங்க. அதான் இங்க வந்தேன்."

அவரிடம் ஒரு கார் இருந்தது. அறுபத்தெட்டாம் வருடத்து பான்டியாக் ஜி.டி.ஓ. அந்தப் பெயரைக் கேட்டதும் மைலோ காலை மேஜையிலிருந்து எடுத்துவிட்டு நேராக உட்கார்ந்தான். இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது ஒரு கார் மட்டுமில்லை. ஸ்டார்ட் செய்தால் பக்கத்துத் தெருவில் தொட்டில் குழந்தை விழித்துக்கொள்ளும். சிக்னலில் நின்றால் நடைபாதையில் போகிறவன் தொப்பியைக் கழற்றுவான்.

"இத்தனை வருஷமா தார்ப்பாயைப் போட்டு மூடி வெச்சிருந்தேன்," என்றார் நார்பர்ட். "இந்தக் குளிர்காலத்துலதான் ஆரம்பிச்சேன். முழுசா. கடைசி நட்டு வரைக்கும் கழட்டி, துரு எடுத்து, ஓட்டை அடைச்சு, பெயின்ட் அடிச்சு, மறுபடி பூட்டறது. ஆரம்பிச்சுக் கொஞ்ச நாள்ல, ஞாயித்துக்கிழமை சர்ச் பூசை முடிஞ்சு வந்து பாத்தா வேலை மேஜை மேல பின்விளக்குக் கண்ணாடி ஒரு ஜோடி. அடுத்த ஞாயிறு கியர் பிடி. போன வாரம் இது."

பையிலிருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். உள்ளங்கை அகல மீட்டர். எஞ்சின் எத்தனை வேகத்தில் சுழல்கிறது என்று காட்டுவது. அந்த வண்டியில் மட்டும் அதை உள்ளே வைக்காமல், பானெட்டுக்கு மேலே, ஓட்டுகிறவன் கண்ணுக்கு நேராக உட்கார வைத்திருப்பார்கள்.

"உங்க வண்டிக்குப் பொருந்துமா?" என்றாள் வெர்னா.

"பொருந்தறதென்ன, என் வண்டியோடதே இது. விளிம்புல பாருங்க, ஒரு சில்லு பேந்திருக்கு. ஆயிரத்துல ஒண்ணா வெச்சாலும் எடுத்துடுவேன்."

கதை பழையது. ஆலைகள் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்த ஒரு ஜனவரியில், வாசலில் நிறுத்தியிருந்த அந்த ஜி.டி.ஓ. ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போயிற்று. இரண்டு நாள் கழித்து ஆற்றின் போக்கில் கொஞ்ச தூரம் தள்ளி, புதர் மண்டிய வெளியில் கிடைத்தது. எஞ்சின் இல்லை, கியர் பெட்டி இல்லை, இருக்கை இல்லை. காப்பீட்டுக் கம்பெனி நஷ்ட ஈடு கொடுத்தது. மிச்சமிருந்த கூட்டை நார்பர்ட் அவர்களிடமிருந்தே பழைய இரும்பு விலைக்குத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"யார் மேல சந்தேகம்?"

"கேசி மஸூர். அப்ப எனக்கு சிநேகிதன். அதுக்கு முந்தின வாரம்தான் வண்டிய இரவல் வாங்கிட்டுப் போனான். அவன்தான்னு ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு யார் சொன்னது?"

நார்பர்ட் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். "ஊருக்குத் தெரியும்," என்றார் மறுபடி. "அவன்தான்னு நிரூபிச்சுக் குடுங்க. இத்தனை வருஷம் கழிச்சு ஏன் கொண்டு வர்றான், யார்கிட்ட என்ன சொல்லி வெச்சிருக்கான், அதுவும் எனக்குத் தெரியணும்."

அவர் படியிறங்கிப் போகும்வரை வெர்னா ஜன்னலருகே நின்றாள்.

"திருட்டுப் போனது திரும்பி வந்தா ஒருத்தருக்கு வேர்க்குமா, மைலோ?"

"எங்க மாமாவுக்கு வேர்த்துது, தலைவி. திரும்பி வந்தது அத்தை."

*

மறுநாள் காலை நார்பர்ட்டின் ஷெட்டுக்குப் போனார்கள்.

நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் நின்றது வண்டி. அதை வண்டி என்று சொல்ல ஒரு நல்ல மனசு வேண்டும். ஒரு காலத்தில் பச்சை. இப்போது பச்சைக்குள் துரு, துருவுக்குள் ஓட்டை, ஓட்டைக்குள் வெளிச்சம். எஞ்சின் இருந்த இடத்தில் ஒரு தொட்டிலைப் போடலாம்.

"அழகு," என்றான் மைலோ, மரியாதையாக.

"இருக்கும்," என்றார் நார்பர்ட். அந்த ஷெட்டில் அவர் வேறு ஆளாக இருந்தார். நெற்றியில் வேர்வை இல்லை. பேசிக்கொண்டே முன் மட்கார்டைத் தளர்த்தினார். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். மட்கார்டைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, கழற்றிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் ஓட்டையிலேயே விரலால் திருகி உட்கார வைத்தார்.

"ஏன் மறுபடி மாட்றீங்க?" என்றான் மைலோ.

"டப்பால போட்டா எது எங்கேன்னு தெரியாமப் போயிடும். எங்கப்பா சொல்லிக் குடுத்தது. கழட்டும்போதே பூட்டறதைப் பத்தி நெனைக்கணும்னு."

வெர்னா எஞ்சின் குழிக்குள்ளும், இருக்கை இல்லாத உள்பக்கத்திலும் தலையை விட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்பக்கம் போய் ஜன்னலைப் பார்த்தாள். ஷெட்டில் எல்லா இடத்திலும் விரற்கடை தூசி. அந்த ஜன்னல் விளிம்பு மட்டும் துடைத்துவிட்டது போல இருந்தது.

"அது திறக்காது," என்றார் நார்பர்ட். "எங்கப்பா பெயின்ட் அடிச்சப்பவே ஒட்டிக்கிச்சு."

மைலோ தள்ளிப் பார்த்தான். இழுத்துப் பார்த்தான். தோளைக் கொடுத்தும் அசையவில்லை. "இதைத் திறந்தவனுக்கு ஒரு வேலை போட்டுக் குடுக்கலாம், தலைவி."

"தள்ளுனா திறக்காது. பழகுனா திறக்கும் போல," என்றாள் வெர்னா. "இந்த வீட்டுல வளந்தது யாரு?"

"நான்தான்," என்றார் நார்பர்ட். திரும்பி மட்கார்டைத் துடைக்க ஆரம்பித்தார்.

மைலோ மேஜையிலிருந்த கியர் பிடியை எடுத்து, ஒரு பழக்கத்தில், மூக்கருகே கொண்டு போனான். அவனுக்கு எதையும் முகர்ந்து பார்த்துத்தான் ஆகவேண்டும். பத்திரிகையைக்கூட.

"இது சாண்ட்விச் கடை வாசம் அடிக்குது."

"பசியா?"

"அது எப்பவும் இருக்கு. மோந்து பாருங்க."

வெர்னா முகர்ந்தாள். வினிகர். பூண்டு. ஊக்கு முனையால் மரையின் இடுக்கைக் கிளறினாள். தட்டையாக, பழுப்பாக ஒன்று உதிர்ந்தது. சதகுப்பை விதை. வெள்ளரிக்காய் ஊறுகாய்ப் புட்டியின் அடியில் மிதக்குமே, அது.

"ஏன் இரும்பை ஊறுகாய் போடறாங்க?" என்றான் மைலோ, காருக்குத் திரும்பியதும்.

"புளிப்புத் தண்ணி துருவைத் தின்னும். ஆனா மத்தவங்கன்னா கடையில வெறும் வினிகர் வாங்கி ஊத்துவாங்க. இதை ஊறப்போட்டவங்க ஊறுகாய்த் தண்ணிய ஊத்தியிருக்காங்க. அப்படின்னா தண்ணி அவங்ககிட்ட சும்மா கெடக்கு. பீப்பாய் பீப்பாயா."

"இந்த ஊர்ல வெள்ளரி ஊறுகாய் போடாத வீட்டை எண்றது சுலபம், தலைவி. அத்தனை பேரும் போலந்துக்காரங்க."

"போடறவங்க நிறைய. வித்துட்டுத் தண்ணிய மிச்சம் வெச்சிருக்கறவங்க கம்மி. வண்டிய எடு."

*

முதல் கடையில் புட்டிகள் வெளியூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்தன. மைலோ ஒரு வெள்ளரி தின்றான். இரண்டாவது ஒரு பீர்க்கடை. அங்கே மிச்சத் தண்ணீரை வாடிக்கையாளர்களே குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள் என்று தெரிந்தது. அங்கே இரண்டு தின்றான்.

மூன்றாவது, ரயில் பாதையை ஒட்டிய சின்னக் கடை. கண்ணாடிக் கதவில் 'லூசில்' என்று மட்டும் எழுதியிருந்தது. கல்லாவில் நரைத்த கூந்தலைக் கொண்டையிட்ட ஒரு பெண்மணி, முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டு முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நல்ல புளிப்பா ஒண்ணு வேணும்," என்றான் மைலோ. "பீப்பாய்லேருந்து நேரா எடுத்தா சந்தோஷம்."

"பீப்பாய் பின்னால இருக்கு. போய் நீயே எடுத்துக்க. எனக்குக் கை ஈரம்."

மைலோ பின்கட்டுக்குப் போனான். வரிசையாக ஆறேழு மரப் பீப்பாய்கள். முதலாவதின் மூடியைத் தூக்கினான். வெள்ளரி. இரண்டாவது. வெள்ளரி. மூன்றாவதில் கையை விட்டபோது வெள்ளரிக்குச் சம்பந்தமில்லாத கனத்தில் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தான். பிரேக் மிதி ஒன்று, அதன் இரும்புக் கையோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட மேலே வந்தது.

"அதை உள்ள போடு," என்றாள் பின்னால் வந்து நின்ற லூசில், கத்தியைத் துடைத்துக்கொண்டே. "இன்னும் ரெண்டு நாள் ஊறணும்."

மைலோ உள்ளே போட்டான். கத்தி வைத்திருப்பவர்களிடம் அவன் ஜோக் அடிப்பதில்லை.

வெர்னா தன் அட்டையை நீட்டினாள். லூசில் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தாள். "நார்பர்ட் ஆள் வெச்சுட்டானா. பயம் வந்துடுச்சுன்னு அர்த்தம். நல்லது."

"உங்களுக்கு அவரை எப்படித் தெரியும்?"

"என் கூடப் பொறந்த அண்ணன். தங்கச்சி ஒருத்தி இருக்கான்னு சொன்னானா?"

"சொல்லல," என்றாள் வெர்னா.

"சொல்லமாட்டான். பேசி ரொம்ப வருஷமாச்சு." கடைக்குப் பின்னால் இருந்த கொட்டகைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "கேசி, வெளிய வா. ஆள் வந்திருக்காங்க."

கொட்டகைக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். உயரமாக, கூனலாக, தோல் மேலங்கி அணிந்து. கையில் கிரீஸ். அவருக்குப் பின்னால் கொட்டகைக்குள்ளே, சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு எஞ்சின். துருவெல்லாம் போய், நீலப் பெயின்ட் பூசி, கல்யாணத்துக்குப் புறப்பட்டதுபோல.

மைலோவுக்கு வாய் திரும்பிவிட்டது. "ஆக, கேஸ் முடிஞ்சுது. கேசி மஸூர், திருட்டு எஞ்சின், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. தலைவி, மதியச் சாப்பாட்டுக்குள்ள முடிச்சது இதான் முதல் தடவை."

கேசி மேலங்கியில் கையைத் துடைக்க ஆரம்பித்தார். இதையே எதிர்பார்த்துப் பழகிப்போன முகம் அது.

"முடியல," என்றாள் வெர்னா. "இவர் திருடல."

"எஞ்சின் தொங்குதே."

"தொங்கட்டும். காலையில அந்த வண்டிக்குள்ள நான் என்ன பாத்தேன்? எஞ்சினைத் தாங்கற போல்ட், கியர் பெட்டி போல்ட், இருக்கை போல்ட், ஒண்ணு விடாம எல்லாம் அதனதன் ஓட்டையில திருகி வெச்சிருக்கு. இப்ப வெச்சதில்ல. அத்தனையும் துருவேறி இடத்தோட ஒட்டிக் கெடக்கு. கழட்டின அன்னிக்கே வெச்சது. ஒயர் முனைகள்ல டேப் சுத்தி, பின்னாடி உரிக்க சுலபமா இருக்கட்டும்னு நுனிய மடிச்சு விட்டிருக்கு. நீ திருடன். ஜனவரி மாசம். எவனாவது வந்துடுவானோன்னு உயிர் போகுது. கையுறையக் கழட்டிட்டு ஒவ்வொரு போல்ட்டா அதோட ஓட்டையிலயே மாட்டிட்டு இருப்பியா?"

மைலோ யோசித்தான். சுவரில் சாய்த்த மட்கார்டும், நார்பர்ட்டின் விரல்களும் நினைவுக்கு வந்தன. கழட்டும்போதே பூட்டறதைப் பத்தி நெனைக்கணும்.

"அவரேவா?" என்றான்.

"அவரேதான். என்னிக்காவது திரும்பப் பூட்டணும்னு ஆசை இருக்கறவன்தான் அப்படிக் கழட்டுவான். வேலை போயிருந்த நேரம். காப்பீட்டுப் பணம் வேணும். வண்டி மேல ஆசையும் போகல. இந்த மாதிரி எத்தனையோ பாத்திருக்கேன். வீட்டைக் கொளுத்தறதுக்கு முன்னாடி கல்யாண ஃபோட்டோவ மட்டும் மாமியார் வீட்டுக்கு அனுப்பி வெச்சிருப்பாங்க."

லூசில் முதல்முறையாக வெர்னாவை மரியாதையுடன் பார்த்தாள். கேசி மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க ஒன்றும் மிச்சமில்லாத பிறகும்.

"அந்த மீட்டர்ல ஒரு சில்லு பேந்திருக்கு பாருங்க," என்றார். "அது நான் பண்ணது. இரவல் வாங்கினப்ப ஸ்பேனர் கை தவறி விழுந்துடுச்சு. அவன்கிட்ட சொல்ல தைரியம் வரல. அப்புறம், நான் ஊரை விட்டுப் போய்ப் பல வருஷம் கழிச்சு, ஒஹையோவுல பழைய பாகம் விக்கற சந்தையில அதே மீட்டரைப் பாத்தேன். கடைக்காரனைக் கேட்டா, வயான்டாட்லேருந்து ஒருத்தர் அவரோட சொந்த வண்டியிலயே கொண்டு வந்து குடுத்தார், எல்லாத்தையும் குழந்தை மாதிரி துணியில சுத்தி வெச்சிருந்தார், விக்கும்போது அழுதார்ங்கறான்."

"அன்னிக்கே வந்து சொல்லியிருக்கலாமே," என்றான் மைலோ.

"என்னன்னு சொல்றது? நான் திருடல, இதோ பாருங்க திருட்டுப் போன சாமான் என்கிட்டதான் இருக்குன்னா?"

ஒரு மனிதன் குற்றமற்றவன் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி, அவனைக் குற்றவாளியாக்கவும் போதுமானதாக இருந்தது.

கேசி அந்தப் பாகங்களை விட்டுவிடவில்லை. அந்தக் கடைக்காரன் யார் யாருக்கு விற்றிருந்தானோ அவர்களைத் தேடிப் போய் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியவில்லை. போன வருடம் ஒரு புட்டி ஊறுகாய் வாங்கும் சாக்கில் இந்தக் கடைக்கு வந்து, ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, ஊறுகாயை வாங்காமலே எல்லாவற்றையும் சொன்னார்.

"நாங்க கல்யாணம் பண்ணிக்கறதா இருந்தோம்," என்றாள் லூசில், வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோல. "சர்ச் கூடத்துல, தவக்கால வெள்ளிக்கிழமை மீன் சாப்பாடு. ஊரே இருந்துது. யாரோ எங்கண்ணன்கிட்ட, யார் எடுத்திருப்பான்னு நெனைக்கறேன்னு கேட்டாங்க. அந்த நேரத்துக்குக் கேசி தட்டோட உள்ள வந்தான். எங்கண்ணன் இவன் பேரைச் சொன்னான். அவ்வளவுதான். போலீசுக்கு ஆதாரம் வேணும். எங்கம்மாவுக்கு வேண்டாம். நான் வேற ஒருத்தரைக் கட்டிக்கிட்டேன். நல்ல மனுஷன். செத்துப்போயிட்டார். போன வருஷம் கேசி வந்து, எல்லாத்தையும் நேரா எங்கண்ணன் முகத்துல வீசிடலாம்னான். நான்தான் வேண்டாம்னேன். அவன் வேலைய ஆரம்பிச்சிருக்கான்னு தெரிஞ்சதும், ஒண்ணொண்ணா வைப்போம்னேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் அவன் வீட்டுக்கு வந்து, இது யாருக்குத் தெரியும்னு யோசிக்கட்டும்."

"அந்த ஜன்னல்?" என்றாள் வெர்னா.

"கீழ் மூலையில முழங்காலால ஒரு இடி. கேசியப் பாக்கப் போறதுக்கு நான் அப்பவே பழகினது. இப்ப இவன் உள்ள ஏறறான், நான் பின்னாலேருந்து தள்ளறேன். போன வாரம் மாட்டிக்கிட்டான். பூசை முடியறதுக்கு முன்னாடி உருவி எடுக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடுச்சு."

"எஞ்சினையும் ஜன்னல் வழியாவா கொண்டு போறதா இருக்கீங்க?" என்றான் மைலோ.

"இல்ல. அதுக்குக் கதவைத் திறக்கணும்." லூசில் எழுந்து கொட்டகையைப் பார்த்தாள். "அதை அவன்தான் திறக்கணும். எங்க வெச்சு சொன்னானோ அங்க வெச்சு நடந்ததைச் சொல்லட்டும். அதுக்கப்புறம் எஞ்சின் போகும். போய்ச் சொல்லுங்க."

*

நார்பர்ட் முன் ஜன்னல் கண்ணாடியின் ரப்பரை உரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க கேட்ட பேர் கெடச்சுது," என்றாள் வெர்னா. "ரெண்டு பேர். கொண்டு வர்றவர் பேரு ஒண்ணு, கொண்டு போனவர் பேரு ஒண்ணு. எதை முதல்ல சொல்லட்டும்?"

அவர் கை நின்றது. பிறகு ரப்பரைக் கவனமாகச் சுருட்டி மேஜையில் வைத்தார். அதை வைத்த விதத்திலேயே ஒப்புக்கொண்டாயிற்று.

"ஜெயிலா?"

"காப்பீட்டுக் கம்பெனி மூடியே ரொம்ப காலமாச்சு. வழக்குக்கும் காலாவதி ஆயிடுச்சு. சட்டத்துக்கு உங்க மேல அக்கறை போயிடுச்சு. உங்க தங்கச்சிக்குப் போகல."

"லூசிலா?" என்றார். பிடிபட்டதைவிட அந்தப் பெயர்தான் அவரை உட்கார வைத்தது. கதவில்லாத காரின் வாசல்படியில் உட்கார்ந்தார்.

"எல்லாம் போயிடும் போல இருந்துது, மேடம். தவணை கட்ட வழியில்ல. அப்புறம் கேசி... அவன் மேல எனக்கு ஒரு கோபமும் கெடையாது. யாரோ கேட்டாங்க, ஒரு பேர் சொல்ல வேண்டியிருந்துது. அவன் நேரா நின்னான். ராத்திரி சரி பண்ணிடலாம்னு நெனச்சேன். காலையில அது ஊர் பூரா போயிடுச்சு. தார்ப்பாயைத் தூக்கறப்பல்லாம் அவன் முகம்தான். இந்த வருஷம், சரி, எல்லாத்தையும் ஒண்ணு சேத்துப் பூட்டிட்டா, கழட்டினதே இல்லைன்னு ஆயிடும்னு தோணுச்சு."

மைலோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். வெர்னா பார்த்த பார்வையில் அது உள்ளேயே போயிற்று.

"எஞ்சின் அவங்ககிட்டயும் கேசிகிட்டயும் இருக்கு," என்றாள் வெர்னா. லூசில் கேட்டதைச் சொன்னாள். "உங்க வண்டியோட எஞ்சின்தான். நம்பரை நானே பாத்தேன். முடிவு உங்களோடது. நான் உங்ககிட்ட வாங்கின வேலை முடிஞ்சுது."

வெளியே வந்ததும் மைலோ கேட்டான். "சொல்வாருங்கறீங்களா?"

"தெரியல."

"எஞ்சினுக்காகவாவது?"

"அதுக்காகச் சொன்னாலும் காதுக்கு ஒரே மாதிரிதான் கேக்கும்."

*

வெள்ளிக்கிழமை சர்ச் கூடத்தில் பொரித்த மீன் வாசம் கதவைத் தாண்டித் தெரு வரை வந்தது. நீள மேஜைகள், காகிதத் தட்டுகள், சமையற்கட்டில் ஏப்ரன் கட்டிய பெண்கள். வெர்னாவும் மைலோவும் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நடுவில், ஒரு மேஜையில் தனியாக, லூசிலும் கேசியும். அவர்களைச் சுற்றி இரண்டு நாற்காலி தள்ளித்தான் மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பலருக்குக் காரணமே மறந்திருக்கும். ஆனாலும் தள்ளி உட்கார மட்டும் மறக்கவில்லை.

நார்பர்ட் தட்டுடன் உள்ளே வந்தார். உட்கார இடம் தேடுகிறவர்போல நின்றார். தட்டைக் கீழே வைக்க மறந்துபோனார்.

"எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்," என்றார். குரல் எழும்பவில்லை. பக்கத்து மேஜைகள் மட்டும் திரும்பின. "என் ஜி.டி.ஓ. அன்னிக்குத் திருட்டுப் போகல. நான்தான் கழட்டினேன். நான்தான் வித்தேன். கேசி மேல பழியப் போட்டேன். இதே எடத்துல. அவன் தொடக்கூட இல்ல."

அன்று இந்தக் கூடத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. மீதிப் பேர் கரண்டியைப் பிடித்தபடி இருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார்: "அப்ப அந்த எஞ்சின் என்ன ஆச்சாம்? நானூறு கியூபிக் இன்ச்சா அது?"

நார்பர்ட் கேசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கேசி கையைக் காதருகே வைத்துக்கொண்டார். "என்ன சொன்னே? காது சரியாக் கேக்கறதில்ல. மறுபடி சொல்லு."

மூன்று மேஜை தள்ளி ஒரு அம்மாள் கோஸ் சாலட் தீர்ந்துவிட்டது என்று முணுமுணுத்ததற்கு, சற்று முன்புதான் கேசி சட்டென்று திரும்பிப் பார்த்திருந்தார். மைலோ அதைக் கண்ணால் பார்த்தான். வெர்னாவும் பார்த்தாள். இருவரும் மீனைத் தின்றார்கள்.

நார்பர்ட் தட்டை மேஜையில் வைத்தார். நிமிர்ந்தார். இந்த முறை கூடத்தின் கடைசி மூலை வரைக்கும் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையாக, எதையும் விடாமல், கேசி மஸூர் என்ற முழுப்பெயரோடு. சமையற்கட்டிலிருந்து பெண்கள் கரண்டியும் கையுமாக வெளியே வந்து நின்றார்கள். வாசலில் காசு வாங்கிக்கொண்டிருந்த பாதிரியார் எண்ணுவதை நிறுத்தினார்.

"இப்பக் கேட்டுது," என்றார் கேசி. எதிர் நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டார். "உக்காரு. நாளைக்கு ஒரு லாரி ஏற்பாடு பண்றேன். கதவைத் திறந்து வை."

நார்பர்ட் உட்காரவில்லை. தங்கையின் முகத்தைப் பார்த்தார். அவள் தட்டிலிருந்த மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"லூசில்..."

"எஞ்சின் வரும்," என்றாள் அவள் நிமிராமல். "நான் வர்றது வேற விஷயம்."

காலியாகிவிட்ட காபிக் கூஜாவை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுப் பக்கம் போனாள். வாசலில் நின்ற பெண்கள் விலகி வழி விட்டார்கள்.